ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிக் கிடக்கிற நேரத்தில் சைக்கிள் மணியோடு வரும். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" ஓட்டை டம்ளரோ துருப்பிடித்த கீலோ, கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பழைய செய்தித்தாளில் பிசுபிசுவென்று ஐந்தாறு பழம் கிடைக்கும். இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவில் ஈயம் என்று ஒரு பெயர் இருந்ததே, அது எந்த வீட்டிலிருந்து வந்தது, எங்கே போனது என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது சைக்கிள் போய் லோடு ஆட்டோ வந்துவிட்டது. குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருக்கிறார்கள். பழைய ஃபிரிட்ஜ், பழைய வாஷிங்மெஷின், பழைய இன்வெர்ட்டர் பேட்டரி. பழத்துக்குப் பதில் ரூபாய் நோட்டு. ஈயம் மட்டும் அதே ஈயம்தான். அன்றைக்கு நாம் குழந்தைகள், தெரியாமல் கொடுத்தோம். இன்றைக்கு நாம் அப்பா அம்மாக்கள். இனிமேலும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த இருட்டுக்குப் பயந்து அடுத்த வருஷமே இன்வெர்ட்டர் வாங்கினோம். எங்களைப் போலத் தெருவில் பாதி வீடுகளில் வாங்கினார்கள். அந்தப் பேட்டரிகளுக்கு ஆயுசு நாலைந்து வருஷம். அப்போது வாங்கியவை ஏறக்குறைய எல்லாம் இப்போது செத்துவிட்டன. எங்களுடையதும் செத்தது.

புதுப் பேட்டரி வாங்கப் போன கடையில், பழையதைக் கொண்டுவந்தால் விலையில் கழித்துத் தருகிறேன் என்றுதான் சொன்னார்கள். என் கொழுந்தனார் தடுத்தார். "அவன் கழிக்கிறதைவிட ஆட்டோக்காரன் முந்நூறு ரூபா கூடக் குடுப்பான் அண்ணி. அதுக்கு முன்னாடி வலைக்குக் கொஞ்சம் குண்டு ஊத்திக்கிறேன்" என்றார். அவருக்கு வீச்சுவலை பிடித்தமான விளையாட்டு. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் மதகடியில்தான் நிற்பார். எனக்கும் முந்நூறு ரூபாய் பெரிதாகத் தெரிந்தது. சரி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அந்தப் பேட்டரியைச் சாய்த்து உள்ளே இருந்த தண்ணீரை வேலியோரம் ஊற்றினார். அங்கே இருந்த அருகம்புல் இரண்டு நாளில் கருகிப்போனது. கடப்பாரையால் பெட்டியை உடைத்துத் தகடுகளை உருவினார். மூன்று செங்கல்லை வைத்து, தென்னை மட்டையில் தீ மூட்டி, பழைய இரும்புச் சட்டியில் உருக்கினார். ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி சூடு போதும், விறகு அடுப்பே தாராளம். வெள்ளிபோலப் பளபளத்துக்கொண்டு அது களிமண் அச்சில் இறங்கியதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் உள்ளே போய் எல்லோருக்கும் காபியும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்தேன். என் கையால் கொடுத்தேன். அந்த முறுக்கை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

மிச்சத் தகடுகள் முருங்கை மரத்தடியில் கிடந்தன. ஒரு மாதம் கழித்து என் சின்ன மகள், அப்போது அவளுக்கு ஏழு வயது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்தச் சில்லு சூப்பர்ம்மா. வழுக்காம போட்ட எடத்துலயே உக்காருது" என்று காட்டினாள். சாம்பல் நிறத்தில் கனமான ஒரு துண்டு. கட்டங்களையும் அதாலேயே சிமெண்டுத் தரையில் கிழித்திருந்தார்கள். ஈயம் அப்படித்தான் பென்சில்போல எழுதும். தினமும் காலையில் அந்தக் கோடுகளை விளக்குமாற்றால் தேய்த்துப் பெருக்கித் தள்ளினேன். அந்தத் தூசு எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

கண்டுபிடித்துச் சொன்னவர் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகை கொடுக்க வந்தவர், வாசலில் அந்தச் சில்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பாப்பா, அதைக் கீழ போட்டுட்டுப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இது பேட்டரித் தகடுல்ல? வீட்ல இதெல்லாம் எத்தன நாளா கெடக்கு?" என்று கேட்டார். அவர் குரல் உயரவே இல்லை. ஆனாலும் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்தான் விளக்கினார். பிரான்ஸ் நாட்டு காஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்த அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. ஒரு பக்கம் ஈயத் தகடு, மறு பக்கம் ஈய ஆக்சைடு பூசிய தகடு, நடுவே கந்தக அமிலமும் தண்ணீரும். ஓர் அறை 2 வோல்ட் தரும். ஆறு அறை சேர்ந்தால் நம் 12 வோல்ட் பேட்டரி. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறும். சார்ஜ் ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். வருஷக்கணக்கில் இப்படி மாறி மாறித் தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கும். நாம் "பேட்டரித் தண்ணி" என்று செல்லமாகச் சொல்வது தண்ணீர் அல்ல. முழு சார்ஜில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தக அமிலம், அதோடு அந்தச் சேறும் கலந்து வரும். வேலியோரம் ஊற்றியபோது புல் கருகியது அமிலத்தால். அது கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே மண்ணில் இறங்கிய ஈயம் தெரியவில்லை.

ஒரு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவை ஒட்டி இருக்கும். அதில் பாதிக்குக் குறையாமல் ஈயம். இந்தக் கணக்கை இன்னொரு கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடம்பில் ஓடுவது சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றரை லிட்டருக்கு அது 75 மைக்ரோகிராம். ஒரு கடுகின் எடையில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அதற்கும் கீழே எந்த அளவும் ஆபத்தில்லாதது என்று சொல்ல முடியாது என்கிறது அதே நிறுவனம். நம் கொல்லையில் கிடப்பதோ கிலோக்கணக்கில்.

என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஈயம்னா என்ன இப்போ? ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிச்சு வளந்த ஒடம்பு இது" என்றார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் இந்த வார்த்தை செய்கிற குழப்பம் சின்னதல்ல. ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டையும் தமிழில் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால், பாட்டி காலத்து ரசத்தின் நல்ல பெயர் இந்த விஷத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. (ஈயச் சொம்பு வாங்கும்போதும் காரீயம் கலக்காததா என்று கேட்டு, நம்பகமான இடத்தில் வாங்குங்கள். கலப்படச் சொம்பில் புளி ரசம் கொதித்தால் காரீயம் ரசத்தில் இறங்கும்.)

காரீயம் குழந்தைக்கு என்ன செய்யும்? நம் உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாறுகிறது. எலும்பு வளரும் வயதில் கால்சியத்துக்கு ஏங்கும் உடம்பு, ஈயத்தையும் வாரி அணைத்துக்கொள்ளும். ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால் பெரியவர் உடம்பில் சேர்வதைப்போல நாலைந்து மடங்கு குழந்தையின் உடம்பில் சேரும். மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வேலை நடக்கும் வருஷங்களில் அது புகுந்து கெடுக்கும். புத்திக்கூர்மை குறையும், கவனம் நிற்காது, முணுக்கென்றால் கோபம் வரும். இரத்தம் ஊறுவதையும் தடுக்கும். இதில் எதுவும் காய்ச்சல்போல ஒரு நாளில் தெரியாது. வயிற்றுவலி, பசியின்மை, சோர்வு என்று வரும். என் மகளுக்கு அந்த மாதம் முழுக்க வயிற்றுவலி. நான் பூச்சி மருந்து கொடுத்தேன். படிப்பில் பிசகினால் "இவனுக்குக் கவனமே இல்ல" என்று அடிப்போம். அடி வாங்குகிற பிள்ளைக்கும் காரணம் தெரியாது.

இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நெல் விளைகிற மண்ணில் இது பெரிய வெட்கம். ஈயத்துக்கு அது திறந்து வைத்த கதவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைக் கேட்டபோதுதான் நான் உட்கார்ந்து அழுதேன். எலும்புக்குள் போன ஈயம் பல பத்து வருஷம் அங்கேயே இருக்கும். ஒரு பெண் கருவுற்றால் வயிற்றுப் பிள்ளைக்காக அவள் எலும்பு கால்சியத்தை விடும். கூடவே ஈயத்தையும் விடும். அது தொப்புள்கொடி வழியே போகும். ஏழு வயதில் என் மகள் ஆடிய பாண்டி, இன்னும் இருபது வருஷம் கழித்துப் பிறக்கப்போகும் என் பேரக்குழந்தையையும் தொடலாம்.

மகளை டாக்டரிடம் கூட்டிப்போய் இரத்தத்தைச் சோதித்தோம். டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. "இதுக்கு ஊசி மாத்திரை ஏதாவது குடுங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். இரத்தத்திலிருந்து ஈயத்தை இழுக்கும் மருந்து உண்டு, ஆனால் அது 45-க்கு மேல் போன குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பது என்றார் டாக்டர். "உங்க பொண்ணுக்கு மருந்து, அந்தத் தகட்டை வீட்டை விட்டு அனுப்புறதுதாம்மா." கீரை, பால், கேழ்வரகு, முட்டை கொடுக்கச் சொன்னார். வேறு எதுவும் இல்லை. மூளைக்கு நேர்ந்த சேதத்தைத் திருப்பிப் போட மருந்து உலகில் எங்கேயும் இல்லை.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். சென்னையில் மழலையர் பள்ளிகளுக்குப் போகும் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி ஈயம் 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் கூடுதலாக இருப்பதாக அவர்களின் ஆசிரியர்கள், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஈயம் என்று தெரியாமலேயே, குறித்திருந்தார்கள். யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் என்றது. அவர்களில் சுமார் 27 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். 2000-ஆம் ஆண்டிலேயே நாம் பெட்ரோலிலிருந்து ஈயத்தை விரட்டிவிட்டோம். அப்புறமும் இத்தனை ஈயம் எங்கிருந்து வருகிறது? பெயிண்ட், கலப்பட மசாலா என்று பல வழி. அதில் பெரிய வழி, கண்ட இடத்தில் உடைத்து உருக்கப்படும் பேட்டரி என்பதை அந்த அறிக்கையே சொல்கிறது.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் பக்கத்தில் தியாரோய் என்று கடற்கரைப் பேட்டை. மணலில் பழைய பேட்டரிகளை உடைப்பது அங்கே வருஷக்கணக்காக நடந்த தொழில். ஒரு காலகட்டத்தில், அந்த மணலைச் சலித்து ஈயத்தைப் பிரித்துக் கொடுத்தால் காசு என்று வியாபாரிகள் வந்தார்கள். ஏழைத் தாய்மார்கள் மணலை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் சலித்தார்கள். நம் வீட்டில் அரிசி புடைக்கிற மாதிரி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. பிறகு அக்கம்பக்கத்தில் சோதித்துப் பார்த்த 81 பேர் உடம்பிலும் ஈய நஞ்சு. அந்தத் தாய்மார்களும் நம்மைப்போலப் பிள்ளையை உயிராக வைத்திருந்தவர்கள்தான்.

இப்போது நம்மைப் பார்ப்போம். பிள்ளைக்கு ஞாபகசக்தி வளர வேண்டும் என்று வல்லாரை துவையல் அரைக்கிறோம். விடிகாலையில் ஊறவைத்த பாதாமைத் தோல் உரித்துக் கொடுக்கிறோம். நீட் பயிற்சிக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறோம். அதே பிள்ளையின் மூளையைத் தின்கிற பெட்டியை, முந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று கொல்லையில் மாதக்கணக்கில் போட்டுவைக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று வெயிலில் உட்கார்ந்தோம். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை எல்லாம் இந்த மண்ணில் புதிதாக வரக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நியாயமான போராட்டம், நானும் போயிருந்தேன். போய்விட்டு வந்து, என் வீட்டுக் கொல்லையில் மூன்று செங்கல் வைத்து ஓர் உருக்காலை நடத்த விட்டேன். எண்ணெய்க் கம்பெனிக்கு ஒரு நியாயம், என் கொழுந்தனாருக்கு ஒரு நியாயமா? நம் களிமண்ணுக்குள் போன ஈயம் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு தலைமுறைகளுக்கு இருக்கும். மேட்டூரில் எத்தனை தண்ணீர் திறந்தாலும் கழுவிக்கொண்டு போகாது.

"நான் உருக்கவில்லையே, விற்றுத்தானே விட்டேன்" என்பவர்களுக்கும் சொல்கிறேன். லோடு ஆட்டோக்காரரால் எப்படிக் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது? புகையை வடிகட்டவும் அமிலத்தைச் சமனப்படுத்தவும் வேலை செய்பவருக்கு முகமூடியும் இரத்தப் பரிசோதனையும் கொடுக்கவும் பணம் செலவாகும். அந்தச் செலவைச் செய்யாத இடத்துக்கு அது போகிறது. அதனால்தான் உங்களுக்கு முந்நூறு ரூபாய் மிச்சம். எங்கோ ஒரு கொட்டகையில் சம்மட்டியால் அதை உடைப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அவர் சட்டையில் படிந்த தூசோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவார். அந்தக் குழந்தையின் பங்கில்தான் நாம் முந்நூறு ரூபாய் எடுக்கிறோம். "தண்ணியக் கொட்டிட்டுக் கொண்டாங்க, எடை போடணும்" என்று எவராவது சொன்னால், அங்கேயே திரும்பி நடந்துவிடுங்கள். ஒழுங்காக மறுசுழற்சி செய்பவர் அமிலத்தோடுதான் வாங்குவார்.

இன்னும் சில வீட்டுப் பழக்கங்களைச் சொல்லாமல் விட முடியாது. பேட்டரி அமிலத்தைக் குளியலறைக் கறைக்கு ஊற்றித் தேய்ப்பது. அதைக் குளிர்பானப் பாட்டிலில் பிடித்துப் படிக்கட்டுக்கடியில் வைப்பது. வெயிலில் ஓடிவந்த பிள்ளை அதை எடுத்துக் குடித்தால் தொண்டையும் குடலும் வெந்துவிடும், வாழ்நாள் முழுக்கக் குழாய் வழியே சாப்பிட நேரலாம். பழைய டிராக்டர் பேட்டரியின் காலிப் பெட்டியில் கோழிக்குத் தண்ணீர் வைப்பதையும் துளசி நடுவதையும் பார்த்திருக்கிறேன். கோழி கிளறிய ஈயம் முட்டைக்கு வரும், முட்டை பிள்ளைத் தட்டுக்கு வரும். இன்வெர்ட்டரைப் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்து மேலே விளக்கேற்றுவதும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும் வாயு. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பெரிய வித்தை எதுவும் இல்லை. பேட்டரியைத் திறக்காமல், சாய்க்காமல், அமிலத்தைக் கொட்டாமல், நின்ற வாக்கில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து, கழித்த தொகை எழுதிய ரசீதை வாங்குங்கள். 2001-இல் வந்த விதிகளே பழைய பேட்டரியைத் திருப்பித் தரும் கடமையை வாங்குபவருக்கும், வாங்கிக்கொள்ளும் கடமையை விற்பவருக்கும் வைத்தன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தயாரிப்பாளர் தலையிலேயே கட்டின. விற்ற பேட்டரி திரும்பி வந்து பதிவுபெற்ற ஆலைக்குப் போவது அவர் பொறுப்பு. நம் பொறுப்பு, அதைக் குப்பையில் கலக்காமல் சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பது. குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருப்பதைப் பேட்டரி மேலேயே பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஒழுங்கான வழியில் போனால் ஒரு பேட்டரியின் ஈயம் ஏறக்குறைய முழுவதும் திரும்ப ஈயமாகிறது, பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகிறது. இதைப்போல முழுசாக மீளும் பண்டம் வீட்டில் அதிகம் கிடையாது.

அமிலம் தரையில் சிந்தினால் ஆப்பச்சோடாவை அள்ளித் தூவுங்கள். நுரை அடங்கியதும் ரப்பர் கையுறை போட்டுத் துடையுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பேட்டரி உடைந்த இடத்தை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், நான் செய்த தப்பு அது. ஈரத்துணியால் துடையுங்கள். எங்கள் கொல்லையில் உருக்கிய இடத்துக்கு மேல் இப்போது சிமெண்டுத் தளம் போட்டு மூடியிருக்கிறோம்.

பேட்டரிக் கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் வேலை பார்க்கும் அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பில்தான் எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது. வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வராதீர்கள் அண்ணே. அங்கேயே கை கால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள். அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். வீட்டு முன்னறையே கடையாக இருந்தால் நடுவில் ஒரு தடுப்புப் போடுங்கள். பிள்ளைக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் இந்தப் பரிசோதனையை யாரும் எழுதுவதில்லை.

என் கொழுந்தனார் இப்போது வலைக்குக் கடையில் இரும்புச் சங்கிலி வாங்கிக் கோத்துவிட்டார். மிச்சமிருந்த தகடுகளை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, பேட்டரிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் மகளுக்கு 4 வந்தது. குறைந்திருக்கிறது. எலும்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அந்த எண் சொல்லாது.

இன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் உங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம், மாட்டுக்கொட்டகை, மோட்டார் கொட்டகை, மாடிப்படிக்கு அடியில் எல்லாம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய பேட்டரி ஒன்று கிடந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னால் நாளைக்கே அதைக் கடையில் சேர்த்துவிடுங்கள்.